கயானா: மண் சுமந்தவர் நாடு

பூகோள வகுப்பில் ஒரு நாட்டைக் குறித்து வினாவினால், அதன் விளைபொருள்களை வரிசையாகச் சொல்லிவிட்டு அமர்வது மாணவர் வழக்கம். யானும் அங்ஙனமே பயின்றேன். தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள கயானா என்றால் சர்க்கரை, நெல், பாக்சைட்டு, பொன், மரம் என ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவேன், ஆசிரியரும் மகிழ்வார். இக்காலத்து மாணவர் அவ்வரிசையின் தலையில் 'பெட்ரோலியம்' என ஒன்றைக் கூட்டிக்கொள்கின்றனர், அவ்வளவே வேறுபாடு. அந்நாட்டின் சரித்திரத்தைச் சிறிது ஊன்றிப் படித்த பின்னர், அவ்வரிசையால் அந்நாட்டைப் பற்றி ஒன்றும் அறிந்தோமில்லை என்பது என் துணிபாயிற்று. சர்க்கரை முதலாகச் சொன்ன பொருள்கள் ஒவ்வொரு காலத்தில் ஓங்கின, பின் தளர்ந்தன. ஜனங்கள் வாழும் நிலமோ மனிதர் கையால் கடலினின்று மீட்கப்பட்டது. அதனைக் காத்து நிற்கும் கரையும் மதகும் இல்லையாயின் அவர்களுக்கு நாடே இல்லை. அவற்றின் பெயர் யான் படித்த வரிசையில் இருந்ததில்லை.

நிலத்தின் இயல்பை முதற்கண் கூறுவேன். கயானாவின் பரப்பு ஏறக்குறைய 2,15,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டினும் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. ஜனத்தொகையோ 9 லட்சத்துக்கு உட்பட்டது. மதுரை மாவட்டத்து ஜனங்களில் மூன்றிலொரு பங்கினர்கூட அத்துணைப் பெரிய நாட்டில் இல்லை. நிலத்தில் நூற்றுக்கு 85 பங்களவு மழைக்காடு. எஸ்ஸெக்கீபோ, டெமராரா, பெர்பீஸ், காரன்டைன் என்னும் நான்கு ஆறுகள் தெற்கிருந்து வடக்கே ஓடி அட்லாண்டிக் சமுத்திரத்திற் கலக்கின்றன. எஸ்ஸெக்கீபோவின் நீளம் சற்றேறக்குறைய 1,000 கிலோமீட்டர். அதன் கிளைகளுள் ஒன்றாகிய பொட்டாரோ ஆறு 741 அடி உயரத்தினின்று இடைத்தட்டு எதுவுமின்றி ஒரே வீழ்ச்சியாக விழும் இடத்துக்குக் கையிட்டூர் என்று பெயர். காட்டில் விளையும் கிரீன்ஹார்ட் என்னும் மரம் நீரில் மிதவாது ஆழ்ந்துவிடும்; கடற்புழுவும் அதனை எளிதில் அரிக்கமாட்டாது. ஆதலின் உலகத்துத் துறைமுகங்கள் பலவற்றுக்கு அது தூணாயிற்று. துருவக்கடல் சென்ற 'எண்டூரன்ஸ்' கப்பலுக்குப் புறத்தே போர்த்த பலகையும் அதுவே. இவ்வளவு வளமான காடு நிற்கும் மண்ணும் வளமானதென்று கருதுவோர் ஏமாறுவர். பல இடங்களில் அது வெறும் வெண்மணல். உதிர்ந்த சருகு மக்கிய மேற்படையிலேதான் காட்டின் உயிர் இருக்கிறது. மரத்தை வெட்டி எரித்துவிட்டுப் பயிரிட்டால் சில ஆண்டுகளில் மண் சலித்துவிடும்.

ஆகையாற்றான் ஜனங்கள் காட்டை நாடாது கரையை நாடினர். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வாழ்வது கடலோரத்து ஒடுங்கிய சமவெளியிலேயே. அவ்வெளி கயானாவின் சொந்த மண்ணுமன்று. அமேசான் ஆறு கொணர்ந்து கடலிற் கொட்டும் சேற்றை நீரோட்டம் மேற்கே தள்ளிச் சென்று அக்கரையில் ஒதுக்க, அங்ஙனம் ஒதுங்கிய களிமண்ணே அது. வளத்தில் இணையற்றது. ஆனால் கடல் ஏறும்பொழுது அதன் மட்டம் நீர்மட்டத்தினும் தாழ்ந்து கிடக்கும். முன்னே கடல், பின்னே மழைநீர் தேங்கிய சதுப்பு. இரண்டுக்கும் இடையே நெல்லும் கரும்பும் பள்ளிக்கூடமும் ஜார்ஜ்டவுன் என்னும் தலைநகரும் இருக்கின்றன.

இந்நிலத்தில் முதலிற் குடியேறிய ஐரோப்பியர் ஒல்லாந்தர். 1616ஆம் ஆண்டளவில் எஸ்ஸெக்கீபோவின் உள்நாட்டுப் பகுதியில் கோட்டை கட்டிக் குடியேறியவர்கள், ஆற்றோரத்து மண் சலித்தபின், 18ஆம் நூற்றாண்டின் நடுவிற் கீழிறங்கிக் கடலோரத்துக்கு வந்தனர். தம் தாய்நாட்டிற் கடலை அடைத்துப் பயிர் செய்த அறிவு அவர்களுக்கு இருந்தது. ஒவ்வொரு தோட்டமும் கடலிலிருந்து உள்நோக்கி நீண்ட ஒடுங்கிய துண்டம். கடலைத் தடுக்க முன்கரை. சதுப்பு நீரைத் தடுக்கப் பின்கரை. அயல் தோட்டத்து நீர் புகாதபடி இரு பக்கக்கரைகள். உள்ளே இருவகை வாய்க்கால்: தாழ்ந்தது வடிகால், உயர்ந்தது பாய்ச்சலுக்கும் கரும்பேற்றிய படகு செல்வதற்கும் உரியது. வடிகால் முடிவில் ஒரு மதகு. கடல் வற்றும்பொழுது அதன் பலகையைத் தூக்கினால் உள்நீர் கடலுக்குப் போகும். ஏறத் தொடங்குமுன் இறக்கிவிடல் வேண்டும். நாள்தோறும் இது நடந்தாக வேண்டும். ஒருநாள் தவறினும் வயல் உப்பாகும். ஒல்லாந்தர் வைத்த 'கோக்கர்' என்ற பெயராலேயே அம்மதகை இன்றும் அங்குள்ளோர் வழங்குகின்றனர்.

ஒல்லாந்தரின் அறிவைப் புகழ்வோர் பலர். யானும் அதனைக் குறைத்துச் சொல்லேன். ஆனால் வாய்க்காலைத் தாளில் வரைவது வேறு, சேற்றில் வெட்டுவது வேறு. வெட்டியவர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1948இல் சர்க்கரைத் தொழிலை ஆராய வந்த வென் குழுவினர், கரும்பு விளையும் ஒரு சதுர மைலுக்கு 49 மைல் வடிகாலும் 16 மைல் மேல்வாய்க்காலும் இருத்தலைக் கணக்கிட்டு, அவற்றைத் தோண்டுவதற்குக் குறைந்தது 10 கோடி டன் மண் பெயர்க்கப்பட்டிருத்தல் வேண்டுமென்றனர். கயானாவின் சரித்திராசிரியர் வால்டர் ராட்னி இக்கணக்கை எடுத்துக்காட்டி, இயந்திரமின்றி மண்வெட்டியொன்றே துணையாக நீரில் நின்று அம்மண்ணைப் பெயர்த்தவர் அடிமைகளே என்பதை வற்புறுத்தினார். வைகை கரையுடைத்தபோது வீட்டுக்கு ஒரு பங்கு கரையடைக்க வேண்டுமெனப் பாண்டியன் இட்ட ஆணையையும், பிட்டுக்கு மண் சுமந்த கதையையும் நாம் அறிவோம். அங்கே மண் சுமந்தவனை அடித்த பிரம்படி எல்லார் முதுகிலும் பட்டதென்பர். கயானாவில் அடித்தவன் முதுகில் ஒன்றும் படவில்லை.

அடிமைகள் வாளா இருந்தனரென்று எண்ணற்க. 1763ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெர்பீஸில் கோஃபி என்பவர் தலைமையில் எழுந்து ஏறக்குறைய ஓராண்டு அந்நாட்டின் பெரும்பகுதியைத் தம் கையில் வைத்திருந்தனர். நாட்டைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோமென்று கோஃபி ஒல்லாந்தக் கவர்னருக்கு விடுத்த கடிதத்தைப் படிப்பவர், அடிமைக்கு அரசியலறிவு இல்லையென்ற பழைய பேச்சை மறந்துவிடுவர். 1803இல் ஆங்கிலேயர் இந்நாட்டைப் பிடித்தனர். 1823 ஆகஸ்டில் டெமராராவில் 10,000 பேருக்கு மேற்பட்டோர் எழுந்தனர். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்னும் போதகர், தம் ஆலயத்துச் சபையார் பலர் அவ்வெழுச்சியில் கலந்ததன் பொருட்டு இராணுவ நீதிமன்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பெற்று, 1824 பிப்ரவரியிற் சிறையிலேயே நோயால் இறந்தார். நாகர்கோவில் வட்டாரத்திற் பணியாற்றியதும் இதே சங்கமே. அவர் பெயரை இங்கிலாந்தில் எல்லாரும் அறிந்தனர். தூக்கிலேற்றப்பட்ட அடிமைகளின் பெயரை அறிந்தவர் சிலரே. அவ்வெழுச்சியில் முதன்மையாய் நின்ற குவாமினா என்பவர் ஸ்மித்தின் ஆலயத்து மூப்பர். அவர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

நிற்க. எனக்கு இச்சரித்திரத்தில் மிகவும் உருக்கமாய்த் தோன்றுவது விடுதலைக்குப் பிந்திய காலம். 1838இல் முழு விடுதலை பெற்ற அடிமைகள், சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த காசைத் திரட்டிக் கைவிடப்பட்ட தோட்டங்களை விலைக்கு வாங்கத் தொடங்கினர். 1839 நவம்பரில் 83 பேர் கூடி நார்த்புரூக் என்ற தோட்டத்தை 30,000 கில்டருக்கு வாங்கி விக்டோரியா எனப் பெயரிட்டனர். காசுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தார்களென்று சொல்வதுண்டு. அடுத்த ஆண்டில் 128 பேர் 50,000 டாலர் கொடுத்து வாங்கிய ஊர் பக்ஸ்டன். தாம் அடிமையாய் வெட்டிய வாய்க்காலைத் தாமே விலைகொடுத்து வாங்கிய ஜனங்களை வேறெங்கு யாம் கேட்டோம்!

ஆனால் நிலம் வாங்குவதோடு செலவு தீர்ந்துவிடும் நாடன்று அது. முன்கரை, பின்கரை, மதகு, வடிகால் யாவும் ஆண்டுதோறும் செப்பனிடப்பெறல் வேண்டும். ஒரு துரைக்கு இருந்த தோட்டம் 83 பேருக்குச் சிறு துண்டுகளாகப் பிரிந்தபின், ஒருவன் பங்கு வடிகால் தூர்ந்தால் மற்றவர் பயிரும் அழுகும். பெருந்தோட்டக்காரர் நீராவிப் பம்பு வைத்து நீரை இறைத்தனர். ஊரார்க்கு அதற்கு முதலில்லை. அரசாங்கமோ தோட்டக்காரர் கையில் இருந்தது. கூட்டாக நிலம் வாங்குவோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் 1850களில் வந்தது. கூலிக்கு ஆள் கிடைக்காமற் போகுமென்ற அச்சமே காரணம். நம் நாட்டில் ஏரியையும் வாய்க்காலையும் ஊராரே கூடிச் செப்பனிட்ட குடிமராமத்து எவ்வாறு தேய்ந்ததென்பதை அறிந்தவர்க்கு இது விளங்கும். ஊராரிடம் பொறுப்பைக் கொடுத்து அதற்குரிய பொருளைக் கொடாது விடுத்தால், பின்னர் 'இவர்களுக்குத் திறமையில்லை' என்று சொல்வது எளிது. அங்கும் அப்படியே சொன்னார்கள்.

அந்தக் கூலிக் குறைவை நிரப்பவே இந்தியர் கொண்டுவரப்பட்டனர். டெமராராவில் தோட்டங்களுடைய ஜான் கிளாட்ஸ்டன், பின்னர் இங்கிலாந்தின் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனின் தந்தை. 1823 எழுச்சியின் தலைவர்களுள் ஒருவரான ஜாக், இவருடைய தோட்டத்து அடிமை. அடிமைகளை விடுவித்ததற்கு ஈடாக அரசாங்கத்தாரிடம் இவர் பெற்ற தொகை லட்சம் பவுனுக்கு மேல். அடிமைகள் பெற்ற ஈடு யாதுமில்லை. 1836இல் இவர் கல்கத்தாவிலுள்ள வியாபாரக் கம்பெனிக்கு எழுதிக் கூலியாட்களை வேண்டினார். 1838 மே 5ஆம் நாள் 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்னும் இரு கப்பல்களில் 396 பேர் வந்திறங்கினர். 1917இல் இவ்வேற்பாடு நிற்கும்வரை சென்றோர் ஏறக்குறைய 2,39,000 பேர். பெரும்பாலோர் வடநாட்டார். 1845 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் அவர்களிற் சிறுபான்மை. அவர்கள் மொழி அங்கே மறைந்துவிட்டது. 'மதராசி' என்ற பெயரும், மாரியம்மன் வழிபாடும், அதில் அடிக்கும் 'தப்பு' என்னும் பறையும் இன்றும் உண்டு. ஒப்பந்தம் தீர்ந்த இந்தியர், ஊர் திரும்பும் கப்பற் கூலிக்கு மாறாக நிலம் பெற்று நெல் பயிரிட்டனர். அந்நாட்டு நெல்லேற்றுமதி அவ்வாறு வளர்ந்தது. இன்று ஜனத்தொகையில் நூற்றுக்கு 40 பேர் அளவில் இந்திய மரபினர். 30 பேர் அளவில் ஆபிரிக்க மரபினர். இருவர் முன்னோரும் ஒரே வாய்க்காலில் ஒருவர்பின் ஒருவராய் நின்றவர்களே. எனினும் வாக்குச்சாவடியில் இவர்கள் இரு பிரிவாய் நிற்பதே 1950களின் பிற்பகுதியிலிருந்து அந்நாட்டு அரசியல். அதனை விரிக்கில் வேறொரு கட்டுரையாகும்.

பாக்சைட்டையும் சர்க்கரையையும் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிடலாம். முன்னது கனடாக் கம்பெனியின் கையிலிருந்து 1971இலும், பின்னது 'புக்கர்' என்னும் ஆங்கிலக் கம்பெனியின் கையிலிருந்து 1976இலும் அரசாங்கத்துக்கு வந்தன. வந்தபின் இரண்டும் செழிக்கவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் நான்கு சர்க்கரைத் தோட்டங்கள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

இந்நிலையிலேதான் பெட்ரோலியம் வந்தது. 2015 மே மாதத்தில் கரைக்கு அப்பால் 190 கிலோமீட்டர் தொலைவிற் கடலடியில் எண்ணெய் கண்டனர். 2019 டிசம்பரில் எடுக்கத் தொடங்கினர். 2024இல் நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்தனர். 2022ஆம் ஆண்டில் நாட்டின் உற்பத்தி நூற்றுக்கு 60க்கு மேல் பெருகியது. உலகத்தார் வியந்தனர். யானும் வியந்தேன், ஆயினும் உடன்படிக்கையைப் படித்தபின் வியப்புச் சற்றுத் தணிந்தது. 2016இல் எக்ஸான் முதலிய கம்பெனிகளோடு செய்த ஒப்பந்தப்படி, எடுத்த எண்ணெயில் நூற்றுக்கு 75 பங்குவரை கம்பெனிகள் தம் செலவுக்காக முதலில் எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சியதைப் பாதியாகப் பகிர வேண்டும். அரசாங்கத்துக்கு வேறாக உரிமைப்பங்கு நூற்றுக்கு 2. ஆகச் செலவுக் கணக்கு நிரம்பும்வரை நூறு பீப்பாயில் நாட்டுக்குச் சேர்வது பதினாலரை. முதலைப் போட்டு ஆழ்கடலிற் சென்று தேடியவர்க்கு ஊதியம் வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் எண்ணெய் இருப்பது உறுதியாய்த் தெரிந்த பின்னர், தெரியாத காலத்துக்குரிய ஒப்பந்தத்தைச் செய்துகொண்டதை அறிவுடைமை என்று சொல்ல என் நா எழவில்லை.

போனது போகட்டும், வரும் பணத்தை எங்கே இடுவது என்பதே இப்போதைய வழக்கு. ஒரு சாரார் வீட்டுக்கு வீடு பணமாகக் கொடுக்க வேண்டுமென்கின்றனர். வயது வந்த குடிகளுக்கு ஆளுக்கு 1,00,000 கயானா டாலர் தரப்படுமென 2024இல் அரசாங்கம் அறிவித்ததும் உண்டு. மற்றொரு சாரார் சாலை, பாலம், மருத்துவமனை என்பர். டெமராரா ஆற்றின்மேற் பெரிய புதுப்பாலம் 2025இல் திறக்கப்பட்டது. எல்லாம் நல்லவையே. எனினும் இவற்றுக்கு முன்னே ஒரு பங்கைக் கரைக்கும் வடிகாலுக்கும் மதகுக்கும் சட்டத்தால் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதன்மேல் வாதாடுதலே முறை என்பது என் கருத்து. எண்ணெய்ப் பணத்தை வைத்தாளும் நிதிச்சட்டம் 2021இல் திருத்தி எழுதப்பட்டது. அதில் நாட்டு முன்னேற்றத்துக்கென்று பொதுவாகச் சொல்லியிருக்கிறதேயன்றிக் கடலோரத்துக்கு இன்ன பங்கு என்ற வரையறையில்லை. கரைகளுக்கு அரசாங்கம் செலவிடாமல் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் மந்திரிமார் விருப்பத்தால் வருவது ஒன்று, தவறாமல் வருவது ஒன்று. மதகு தவறாமையை வேண்டுவது.

2005 ஜனவரி மாதத்தில் நடந்ததை மறத்தலாகாது. அளவிறந்த மழையால் பின்புறத்து நீர்த்தேக்கம் நிரம்பி வழிந்து, கரையோரத்து ஊர்கள் வாரக்கணக்கில் நீரில் நின்றன. கடல் புகவில்லை, உள்நீரே வெளியேற வழியின்றி நின்றது. எலி மூத்திரத்தாற் பரவும் காய்ச்சலும் வந்து உயிர்கள் போயின. அழிவின் மதிப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தியிற் பாதிக்கு மேல் என்று கணக்கிட்டனர். அக்காலத்தில் எண்ணெய்ப் பணமில்லை என்று சொல்லலாம். இன்று அதுவும் சொல்ல இயலாது. எண்ணெயெரிவதால் உலகம் வெம்மையுற்றுக் கடல் உயர்ந்துவருகின்றது. உயர்ந்துவரும் கடலுக்குக் கீழே குடியிருப்பவரே எண்ணெயை விற்கின்றனர். இதற்காக அவர்களைக் குறைகூறத் துணியேன். 150 ஆண்டுக்கு மேலாக நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் செல்வரானவர்கள், நேற்று எடுக்கத் தொடங்கிய 9 லட்சம் பேருக்கு அறம் உரைப்பது நகைப்புக்குரியது. ஆனால் விற்ற பணத்திற் கரை கட்டாதிருப்பார்களாயின் அக்குறை அவர்களையே சாரும்.

என்னுடன் இதுபற்றி வாதித்த நண்பர் ஒருவர், "கரையைக் கட்டிக்கொண்டே இருப்பானேன்? உள்நாட்டு மேட்டுநிலத்துக்கு எல்லாரும் போய்விடலாமே" என்றார். அங்கும் அவ்வெண்ணம் இல்லாமலில்லை. வெண்மணல் மேட்டில் 'சிலிக்கா சிட்டி' என்று ஒரு புதுநகர் அமைத்துவருகின்றனர். கடல் வெல்லுமென்று அஞ்சுவோர்க்கு ஓரிடம் இருத்தல் நன்றே. ஆனால் நெல் மணலில் விளையாது. மேட்டுக்குப் போக வல்லவர் உத்தியோகஸ்தரும் பணமுடையோருமே. வயலுள்ளவனும் வயற்கூலியும் தாழ்விலேயே இருப்பர். வல்லவர் போனபின் மதகைப் பற்றிப் பேச யார் உளர்? மேலும் உள்நாடு ஆளற்ற வெளியன்று. ஒல்லாந்தர் வருமுன்னரே அங்கு வாழ்ந்த ஆதிக்குடிகள் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவில் இன்றும் உளர். பொன் தோண்டுவோர் கலக்கிவிடும் ஆற்றுநீரைப் பற்றி அவர்கள் முறையிட்டுவருகின்றனர். காட்டை நிற்கவிடுதலே பொருளாகும் காலமும் வந்துவிட்டது. 2009இல் நார்வே அரசாங்கம் அதன் பொருட்டு 25 கோடி அமெரிக்க டாலர்வரை தர உடன்பட்டது. 2022 டிசம்பரில் ஹெஸ் என்னும் எண்ணெய்க் கம்பெனி, காடு வைத்திருக்கும் கரிக்கு விலையாகப் பத்தாண்டிற் குறைந்தது 75 கோடி டாலர் தர ஒப்பியது. அதில் நூற்றுக்கு 15 பங்கு ஆதிக்குடிகளின் ஊர்களுக்கு. எண்ணெய் எடுப்பவரே காட்டுக்கும் விலை கொடுப்பது எனக்கு முழுவதும் உவப்பாயில்லை. வரும் பணத்தை வேண்டாமென்று சொல்லும் நிலையிலும் அவ்வூரார் இல்லை.

மேற்கே வெனிசுவேலா, எஸ்ஸெக்கீபோவுக்கு அப்பாலுள்ள நிலமெல்லாம், அதாவது நாட்டில் மூன்றில் இருபங்களவு, தன்னுடையது என்கின்றது. 1899இல் நடுவர் தீர்த்த எல்லையை 1962 முதல் அது மறுத்துவருகின்றது. 2018இல் கயானா இவ்வழக்கை அனைத்துலக நீதிமன்றத்தில் தொடுத்தது. ஆதலின் காவற்படைக்கும் பணம் வேண்டுமென்பர். வேண்டும். ஆனால் வெனிசுவேலா வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். கடல் நாளொன்றுக்கு இருமுறை வந்துகொண்டிருக்கிறது.

கரையென்றால் கருங்கல்லும் காங்கிரீட்டுமே என்று எண்ணவேண்டுவதில்லை. ஜார்ஜ்டவுன் கடற்சுவரைக் கட்டி முடிப்பதற்கு 1892 ஆயிற்று. அதற்கு முன்னும் பின்னும் கரையைக் காத்தவற்றுள் ஒன்று, அங்கு 'கோரிடா' என வழங்கும் மரம். நம் முத்துப்பேட்டைக் கழியில் நிற்கும் அலையாத்தியின் இனமே அது. அதன் வேர் சேற்றைப் பிடித்துவைக்கும். அலை வேகமிழந்து கரையைத் தொடும். 2010 முதல் அதனை மீண்டும் நட்டு வளர்க்கும் வேலையில் ஊர்ப் பெண்கள் பலர் கூலியும் பெற்றுக் கரையும் காத்தனர். விக்டோரியா, பக்ஸ்டன் போன்ற ஊர்களுக்கு நூறாண்டுக்கு முன் மறுக்கப்பட்ட பொருளை இப்பொழுதேனும் ஊர் மன்றங்களின் கையிற் கொடுத்து, வடிகாலையும் மதகையும் அவர்களே பேணும்படி செய்யலாம். திறமையில்லையென்ற பழஞ்சொல்லை இம்முறை சொல்ல வேண்டா.